ஹெலிகாப்டர் வேண்டாம் என்று சொன்ன நெரிஸ்

நெரிஸைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் கேக்கில்தான் ஆரம்பிப்பார்கள். உலர்ந்த திராட்சையைத் தேநீரில் ஊறப்போட்டுச் செய்கிற கேக். மாதம் முப்பது சுடுவாள். அத்தனையும் என் கடையில்தான் விற்கும், அத்தனை காசும் ஹெலிகாப்டருக்குத்தான் போகும். பத்தொன்பது வருஷமாக ஒரு மாதம் தவறியதில்லை. அவள் அம்மா செத்த மாதம் மட்டும் இருபத்தெட்டு. அதற்கும் மன்னிப்புக் கேட்டாள்.

என் பெயர் இத்வல். வேல்ஸ் மலைப்பக்கத்தில் எங்கள் ஊருக்கு இருக்கிற ஒரே மளிகைக் கடை என்னுடையது. அதன் ஒரு மூலையில் தபால் நிலையமும் உண்டு. கெவன்கோக் என்கிற ஆட்டுப் பண்ணைக்கு வாழ்க்கைப்பட்ட நெரிஸும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. அவள் கணவன் எம்லின் எங்களைவிட எட்டு வயது மூத்தவன். நாளைக்கு ஐம்பது வார்த்தை பேசினால் அதில் நாற்பது நாயோடு இருக்கும்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக எங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டும். டாக்டரை ஏற்றிக்கொண்டு ஹெலிகாப்டர் வந்தால் பதினெட்டு நிமிஷம். அது பறப்பது ஜனங்கள் போடுகிற காசில். அதனால் ஊருக்கு ஊர் அதற்காக ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். டிராக்டர் ஊர்வலம் விடுவார்கள், சீட்டாட்டப் போட்டி வைப்பார்கள், தலையை மொட்டை அடித்துக்கொள்கிறேன் என்று பந்தயம் கட்டி வசூல் பண்ணுவார்கள். யாராவது செத்தால் பூ வேண்டாம், அந்தக் காசை ஹெலிகாப்டருக்கான வசூல் வாளியில் போடுங்கள் என்று குடும்பமே சொல்லிவிடும். எங்கள் ஊர்க் கமிட்டிக்கு நெரிஸ் தலைவி, நான் செயலாளர். அவள் உழைப்பாள், நான் பேசுவேன்.

பேசினேன் என்றால் கொஞ்சநஞ்சம் இல்லை. 'ஒரு தடவை பறக்க மூவாயிரத்து ஐந்நூறு பவுண்டு' என்று சிவப்புப் பெயிண்டில் ஒரு பலகை எழுதிக் கடை வாசலில் மாட்டினேன். பால் வாங்க வருகிற குழந்தைகூட அந்தத் தொகையை ஒப்பிக்கும். நாலு வருஷத்துக்கு முன் நகரத்திலிருந்து மலையேற வந்த ஒருத்தன் கல்லில் வழுக்கிக் கணுக்காலை மடக்கிக்கொண்டு ஹெலிகாப்டரில் போனான். அந்த வாரம் முழுக்க என் கடையில் கச்சேரிதான்.

"துரைக்குச் சுளுக்காம்! நெரிஸ் எழுநூறு கேக் சுட்ட காசு அவன் கணுக்காலுக்கே போச்சு. கைத்தடி ஊன்றி இறங்கக் கூடாதா?"

எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். நெரிஸும் சிரித்தாள். அவனுக்குக் கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது என்று பத்து நாள் கழித்துத் தகவல் வந்தது. அதை நான் கடையில் யாருக்கும் சொல்லவில்லை. ஒரு நல்ல வேடிக்கையைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

போன ஏப்ரல் மாதம், ஆடுகள் குட்டி போடுகிற பரபரப்பான நேரம். காலை ஒன்பதரை மணிக்கு எம்லின் நாலு சக்கர மோட்டார் பைக்கில் மேல் வயலுக்குப் போனான். முந்தின நாள் மழையில் சரிவு ஊறிக் கிடந்தது. வண்டி குப்புறக் கவிழ்ந்து அவன் இடது காலைக் கல்வேலியோடு சேர்த்து நசுக்கிவிட்டது. நாய் தனியாக வீட்டுக்கு ஓடி வந்ததைப் பார்த்துத்தான் நெரிஸ் மேலே போனாள். கவிழ்ந்த இடம் மேல் வயல் கேட்டுக்குப் பக்கத்தில். அந்தப் பண்ணையிலேயே போனுக்குச் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் அதுதான். நல்லவேளை என்று ஊரே பேசிக்கொண்டது. அங்கே நின்றே அவசர எண்ணைக் கூப்பிட்டாள்.

ஆம்புலன்ஸ் வந்தது. தரை வழியாக வந்தது. ஒரு மணி ஐம்பது நிமிஷம் ஆனது.

எம்லினின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று அறுவை சிகிச்சை டாக்டர் சொன்னாராம். அந்த ஒரு வாக்கியம் ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் ஊருக்கு, ஆம்புலன்ஸ் வந்ததைவிட வேகமாக வந்து சேர்ந்தது.

ஹெலிகாப்டர் ஏன் வரவில்லை? எல்லோரும் இதைத்தான் கேட்டார்கள். வேறு எங்கோ போயிருக்கும், மேகம் இறங்கியிருக்கும் என்று நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். ஆகஸ்டில் ஊர்க் கண்காட்சி நடந்தது. அதில் ஹெலிகாப்டரைப் புல்வெளியில் இறக்கிக் குழந்தைகளுக்குக் காட்டினார்கள். கதவளவு அட்டையில் எழுதிய காசோலையை நெரிஸும் எம்லினும் ஹெலிகாப்டரில் வருகிற டாக்டரம்மா கையில் கொடுக்க, போட்டோ எடுத்தார்கள். எம்லின் புதுச் செயற்கைக் காலோடு நின்றான். போட்டோ முடிந்ததும் அந்த டாக்டரம்மா விபத்து நடந்த தேதி எது என்று அவனிடம் கேட்டாள். அவன் சொன்னான். அவள் புருவம் சுருங்கியது.

"அந்தக் காலையில நாங்க பறக்கவே இல்ல, தரையிலதான் இருந்தோம். வானம் சுத்தமா இருந்துச்சு. பதினொன்றரை வரைக்கும் டீ குடிச்சிட்டு உட்கார்ந்திருந்தோம். உங்க இடத்திலேர்ந்து எங்களுக்குத் தகவலே வரலையே!"

நான் இரண்டடி தள்ளி நின்றேன். எனக்கு ரத்தம் கொதித்தது. அப்படியென்றால் தப்பு யாருடையது? அவசர எண்ணில் போனை எடுத்தவளுடையது. எங்கோ கடற்கரை நகரத்தில் சுழல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, எங்கள் ஆளின் காலை அலட்சியமாகக் கழித்துக் கட்டியவளை விடக் கூடாது என்று அங்கேயே கத்தினேன். பக்கத்தில் நெரிஸ் அந்த அட்டைக் காசோலையை இன்னும் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை. துக்கம் என்று நினைத்தேன்.

அன்றைக்கே ஆம்புலன்ஸ் இலாகாவுக்குப் புகார் மனு எழுதினேன். எழுத்து எனக்கு வரும் என்று எனக்கொரு நினைப்பு. 'மன்னிக்க முடியாத அலட்சியம்' என்கிற சொற்களை மூன்று இடத்தில் போட்டேன். மனுவைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்து, பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டேன். ரொட்டி வாங்க வருகிறவனைக் கையெழுத்துப் போடாமல் வெளியே விடவில்லை. நூற்று நாற்பத்து மூன்று பேர் போட்டார்கள்.

எம்லின் போடவில்லை. "கால்தான் போச்சு இத்வல், கையும் நடுங்குது. விட்டுடு" என்றான். அவன் சுபாவம் அப்படி என்று விட்டேன்.

நெரிஸை விடவில்லை. முதல் தடவை கண்ணாடி கொண்டுவரவில்லை என்றாள். இரண்டாம் தடவை அடுப்பில் கேக் இருக்கிறது என்று ஓடினாள். மூன்றாம் தடவை வந்தபோது என் கண்ணாடியைக் கழற்றி அவள் மூக்கில் மாட்டினேன்.

"உன் புருஷன் காலு, ஊரே கையெழுத்துப் போடுது, நீ போடலைன்னா பார்க்கிறவன் என்ன நினைப்பான்?" என்று கேட்டேன்.

கடையில் இன்னும் நாலு பேர் நின்றார்கள். அவள் அவர்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். போட்டுவிட்டாள். அந்தப் பேனாவை அவள் கையில் திணித்தவன் நான்தான். இதை எழுதும்போதுகூட எனக்கு உடம்பு கூசுகிறது.

மனு போய் ஐந்து வாரத்தில் பதில் வந்தது. செப்டம்பர் கடைசி, ஒரு புதன்கிழமை. மதியச் சாப்பாட்டுக்குக் கடையைச் சாத்துகிற நேரத்தில் நெரிஸ் உள்ளே வந்தாள்.

"இத்வல், கதவைச் சாத்து."

"என்ன, கல்லாவைக் கொள்ளையடிக்க வந்தியா? இருபது பவுண்டுதான் இருக்கு."

"சாத்துடா."

சாத்தினேன். அவள் கடிதத்தைக் கல்லா மேல் வைத்தாள். விசாரணை நடக்கிறது, அன்று போன் எடுத்த ஊழியரை அந்த வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறோம், பதிவான உரையாடலைக் குடும்பத்தார் வந்து கேட்கலாம் என்று எழுதியிருந்தது.

"ஜெயிச்சுட்டோம்!" என்றேன். "நான் எழுதினது குத்தியிருக்கு பார்த்தியா?"

"அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல."

"நீ ஏன் அவளுக்குப் பரிஞ்சு பேசுற? டாக்டரம்மாவே சொன்னாளே..."

"நான்தான் வேண்டாம்னேன்."

எனக்குப் புரியவில்லை. எதை வேண்டாம் என்றாள் என்று கேட்டேன்.

"ஹெலிகாப்டரை. ரத்தம் நிறைய போகுதான்னு கேட்டா. இல்லைன்னேன். கால் உணர்ச்சி இருக்கான்னு கேட்டா. இருக்குன்னேன், எம்லின்கிட்ட கேட்கக்கூட இல்ல. உறுதியாத் தெரியுமான்னு திரும்பத் திரும்பக் கேட்டா. பாவம், அவளுக்கு ஜலதோஷம் வேற, மூக்கை உறிஞ்சி உறிஞ்சிக் கேட்டா. தேவைப்படுறவங்களுக்கு அனுப்பும்மா, எங்களுக்குச் சாதா வண்டி போதும்னேன்."

"ஏன் நெரிஸ்?"

அவள் என்னை நேராகப் பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"அங்கே அவன் வண்டிக்கு அடியில கிடக்கிறான், எனக்கு முதல்ல என்ன நினைப்பு வந்துச்சு தெரியுமா? உன் கடை. 'வசூல் பண்ணினவளே ஏறிப் போயிட்டா, மூவாயிரத்து ஐந்நூறு பவுண்டும் கெவன்கோக் வயல்லயே இறங்கிடுச்சு'ன்னு நீ சொல்றது என் காதுல கேட்டுச்சு. நாலு பேர் சிரிக்கிறதும் கேட்டுச்சு."

நான் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன் என்று வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். சொல்லியிருப்பேன். எம்லின் பிழைத்து, காலும் தப்பித்து, ஒரு மாதத்தில் நடந்து வந்திருந்தால் கண்டிப்பாகச் சொல்லியிருப்பேன். குரல்கூட எந்த இடத்தில் ஏற்றி எந்த இடத்தில் இறக்கியிருப்பேன் என்று எனக்குத் தெரியும்.

"எம்லினுக்குத் தெரியுமா?"

"பக்கத்துல தானே கிடந்தான். எல்லாம் கேட்டிருப்பான். இந்த அஞ்சு மாசமா ஒரு வார்த்தை கேட்கல." அவள் கடிதத்தை மடித்தாள். "ஒண்ணுதான் எனக்கு ஆறுதல். அவனும் வேண்டாம்னுதான் சொல்லியிருப்பான். என்னைவிட மோசம் அவன். பல்லு வீங்கி ஒரு வாரம் கிடந்தான், டாக்டரைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு."

அது உண்மைதான். எங்கள் ஊரில் யாரும் யாரையும் தொந்தரவு பண்ண மாட்டோம். மூச்சுத் திணறினால்கூட, திங்கட்கிழமை வரை பார்க்கலாம் என்போம்.

அடுத்து நான் சொன்னதுதான் கேவலம். கமிட்டியின் பெயர் கெட்டுவிடும் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. அக்டோபரில் அறுவடை ஏலம் வருகிறது, ஊரே காசு போடுகிற நாள்.

"நெரிஸ், இதை யாருக்கும் சொல்ல வேண்டாம். குடும்பம் இதை மேல கொண்டுபோக விரும்பலைன்னு நான் ஒரு கடிதம் போட்டுடறேன். பெருந்தன்மையா எழுதிடறேன். விஷயம் அமுங்கிடும்."

"அந்தப் பொண்ணு?"

"அவளுக்கு வேற ஏதாவது வேலை கொடுப்பாங்க."

"என் கையெழுத்து அதுல இருக்கு இத்வல்" என்றாள். கதவை அவளே திறந்துகொண்டு போனாள். நான் சாப்பாட்டைத் தொடாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அறுபத்திரண்டு வயதில், யாரும் திட்டாமலே கூனிக் குறுகிப் போவது எப்படி என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அறுவடை ஏலம் எங்கள் ஊர் பப்பில் நடக்கும். தோட்டத்தில் விளைந்த பூசணி, வெங்காயம், ஒரு டஜன் முட்டை, ஒரு மூட்டை உருளைக்கிழங்கு, இவ்வளவுதான் சரக்கு. ஒருத்தன் பூசணியை முப்பது பவுண்டுக்கு எடுப்பான், காசைக் கொடுத்துவிட்டுப் பூசணியைத் திருப்பி மேஜையில் வைப்பான். அது மறுபடி ஏலத்துக்கு வரும். ஒரே பூசணி எட்டுத் தடவை விற்கும். கடைசியில் அதை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள்.

அன்று பூசணி மூன்றாம் தடவை மேஜைக்கு வந்தபோது நெரிஸ் எழுந்து நின்றாள். அவளும் ஏலம் கேட்கிறாள் என்று ஏலக்காரர் கையை நீட்டினார்.

"நாற்பதா நெரிஸ்?"

"நான் ஒண்ணு சொல்லணும். மனுவுல எழுதியிருக்கிறது பொய். ஹெலிகாப்டரை அனுப்பறேன்னுதான் போன் எடுத்த பொண்ணு சொல்லப் பார்த்தா. நான்தான் தடுத்தேன். பொய் சொல்லித் தடுத்தேன். உங்க நூத்தி நாப்பத்தி மூணு பேர் பேரையும் நான் கெடுத்துட்டேன்."

எம்லின் மூலையில் உட்கார்ந்து தன் பீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் எழுந்து, மனுவை எழுதியது நான், அவள் கையில் பேனாவைத் திணித்ததும் நான், உண்மை தெரிந்த பிறகும் மூடி மறைக்கச் சொன்னதும் நான் என்று சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்வதற்கென்றே அந்த இரண்டு வாரமும் மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். எழுந்திருக்கவில்லை. ஏலக்காரர்தான் பாவம், என்ன செய்வதென்று தெரியாமல், "நாற்பது பவுண்டு, ஒரு தரம்..." என்று மெதுவாக ஆரம்பித்தார். ஏலம் தொடர்ந்தது.

மறுநாள் கடைக்கு வந்தவர்கள் மழையைப் பற்றிப் பேசினார்கள். அதற்கு அடுத்த நாளும் மழைதான். நெரிஸைப் பற்றி ஒரு சொல் இல்லை. திட்டினால்கூடப் பதில் சொல்லலாம். கேக் மட்டும் மூன்று நாளாக விற்காமல் அப்படியே இருந்தது. நாலாம் நாள் வாசல் பலகையைக் கழற்றிக் கிடங்கில் போட்டேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

உரையாடலைக் கேட்க நவம்பரில் தேதி கொடுத்தார்கள். எம்லினால் வண்டி ஓட்ட முடியாது, நெரிஸுக்கு நெடுஞ்சாலை என்றால் பயம். நான் ஓட்டினேன். மூன்று மணி நேரம். எம்லின் முன் சீட்டில் காலை நீட்டிக்கொண்டு வந்தான், நெரிஸ் பின்னால். மடியில் ஒரு கேக் டப்பா.

ஆம்புலன்ஸ் அலுவலகத்தில் மிஸஸ் ஹாக்கின்ஸ் என்கிற அதிகாரியம்மா எங்களை உட்காரவைத்தாள். போன் எடுத்த பெண்ணையும் பார்க்க வேண்டும் என்று நெரிஸ் முன்பே கேட்டிருந்தாள். அவள் வந்தாள். பெயர் கார்லி. இருபத்தாறு வயது இருக்கும். எங்களைப் பார்த்ததும் கைகளை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் எல்லைக்கு அப்பால் இங்கிலாந்துக்காரி, எங்கள் வெல்ஷ் மொழி தெரியாது. அன்றைக்கும் பேச்சு ஆங்கிலத்தில்தான் நடந்திருந்தது. எங்களுக்குள் வெல்ஷ் பேசுவோம். டாக்டர், போலீஸ், அரசாங்கம் என்றால் வாய் தானாக ஆங்கிலத்துக்கு மாறிவிடும்.

நெரிஸ் எழுந்து நின்றாள்.

"கார்லி, நீ கேட்டதுக்கெல்லாம் நான் தப்பாப் பதில் சொன்னேன். உன் மேல எந்தக் குத்தமும் இல்ல. எழுதியும் கொண்டுவந்திருக்கேன். அந்த மனுவுல கையெழுத்துப் போட்டதுக்கு என்னை மன்னிச்சுடும்மா."

கார்லியின் கண் கலங்கிவிட்டது. "நான் தினமும் யோசிச்சேங்க. இன்னொரு தடவை கேட்டிருக்கணுமோன்னு" என்றாள்.

நான் என் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 'மன்னிக்க முடியாத அலட்சியம்.' மூன்று இடத்தில்.

கார்லியை அன்றே பழைய வேலையில் சேர்த்துக்கொள்வதாக மிஸஸ் ஹாக்கின்ஸ் சொன்னாள். "இனிமே இந்தப் பதிவைக் கேட்கணும்னு அவசியம் இல்லை. உங்களுக்கும் கஷ்டமா இருக்கும்."

"போடுங்க" என்றாள் நெரிஸ். "நான் என்ன சொன்னேன்னு முழுசாக் கேட்கணும். இவனும் கேட்கட்டும்." இவன் என்றது என்னை.

"எதுக்கு நெரிஸ், வீட்டுக்குப் போலாம்" என்றான் எம்லின். அன்று காலையிலிருந்து அவன் பேசிய முதல் பேச்சு.

"கேட்டுட்டுப் போலாம்."

போட்டார்கள். முதலில் காற்றுச் சத்தம். பிறகு நெரிஸின் குரல். அவள் போனுக்கென்று வைத்திருக்கிற மெருகேற்றிய குரல்.

"காலை வணக்கம், தொந்தரவுக்கு மன்னிக்கணும். என் கணவர் வயல்ல விழுந்துட்டாரு."

கார்லி கேள்வி கேட்கிறாள். மூக்கை உறிஞ்சுகிறாள். ரத்தமா? கொஞ்சம்தான். உணர்ச்சி? இருக்கு, இருக்கு. நெரிஸ் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"இருக்கிற இடத்தைப் பார்த்தா ஹெலிகாப்டர் கேட்கலாம்னு நினைக்கிறேன்" என்றது கார்லியின் குரல்.

"ஐயோ, வேண்டாம்மா, வேண்டாம். அது நிஜமாவே தேவைப்படுறவங்களுக்கு இருக்கட்டும்."

அப்போது பின்னாலிருந்து இன்னொரு குரல் கேட்டது. தரைக்குப் பக்கத்திலிருந்து, மெதுவாக, வெல்ஷில்.

"நெரிஸ், அதை வரச் சொல்லு."

"பின்னால பேசறது உங்க கணவரா?" என்று கார்லி கேட்டாள்.

"ஆமாம்மா. கேட்குது பாருங்க, நல்லாவே பேசறாரு. அந்த அளவுக்குத் தெம்பா இருக்காரு."

"வரச் சொல்லு நெரிஸ்" என்றது அந்தக் குரல் மறுபடியும். இன்னும் மெதுவாக. பிறகு வெறும் காற்று.

பதிவு நின்றது. நெரிஸின் கை மேஜை விளிம்பைப் பிடித்திருந்தது. விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. கார்லியும் அதிகாரியம்மாவும் எங்களை மாறி மாறிப் பார்த்தார்கள். அந்த அறையில் அவன் சொன்னது புரிந்தவர்கள் நாங்கள் மூன்று பேர்தான்.

"பின்னால ஏதோ சொல்றீங்களே, என்ன சொன்னீங்க?" என்று மிஸஸ் ஹாக்கின்ஸ் எம்லினைக் கேட்டாள்.

எம்லின் தொண்டையைச் செருமினான். "மழை வரும்போல இருக்குன்னு சொன்னேன்" என்றான்.

கேக் டப்பாவைக் கார்லியிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தோம். வண்டியை எடுத்தேன். எனக்குக் கண்ணாடியில் பின் சீட்டைப் பார்க்கத் தைரியம் இல்லை. அவளிடமிருந்த ஒரே ஆறுதலையும் அந்த அறையில் விட்டுவிட்டு வருகிறோம் என்று தெரிந்தது. அந்தப் பலகையை எழுதிய கைதான் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறது என்பதும் தெரிந்தது. முதல் மலையேற்றம் வந்தபோது பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது.

"எம்லின்."

"ம்."

"வரச் சொல்லுன்னு சொன்னியே."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தான். "சொன்னேன்."

"குரல்தான் கேட்டுச்சு, சொன்னது எனக்குக் காதுல விழலையே. ஏன் கத்தல? ஒரு தடவை கத்தியிருந்தா அந்தப் பொண்ணுக்காவது ஏதோ அவசரம்னு புரிஞ்சிருக்கும். ஏன் எம்லின் கத்தல?"

அவன் யோசித்தான். கோபத்தை அடக்கிக்கொண்டு யோசிக்கவில்லை. சரியான பதிலைச் சொல்ல வேண்டும் என்று யோசித்தான்.

"நீ போன்ல பேசிட்டு இருந்தியே" என்றான். "நடுவுல எப்படிக் கத்துறது?"